பூசைப் பாட்டும் பொப்பிசையும்: புத்தளக் கரையின் கிறிஸ்தவ இசை

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கிறிஸ்தவப் பாட்டு எந்தக் காலத்திலும் ஊரார் காதுக்குப் பழகிய இசையை விட்டு விலகி நின்றதில்லை. ஒப்பாரியில் ஊர் அழுத காலத்தில் அதுவும் ஒப்பாரியின் இழுப்பில் பாடியது. பைலா பரவியபோது பைலாவின் தாளத்தை வாங்கிக்கொண்டது. கித்தார் வந்தபோது கித்தாரோடும், கீபோட் வந்தபோது கீபோட்டோடும் சேர்ந்துகொண்டது. கற்பிட்டியிலோ சிலாபத்திலோ இன்று ஒரு பாடகர் குழு கைதட்டும் மெட்டில் ஒரு பாட்டைத் தொடங்கினால், கோயிலுக்குள் சினிமாவா என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பது உண்டு. ஆனால் அவர்கள் பழையது என்று போற்றும் பாட்டும் தன் காலத்தில் புதுப்பாட்டாகத்தான் கோயில் வாசலுக்கு வந்தது. அப்படி வந்தவற்றில் எது தங்கியது, எது போயிற்று என்று கேட்டுப் பார்ப்பதில்தான் இந்தக் கரையின் இசையை ரசிப்பதன் சுவையே இருக்கிறது.

கரையின் வடக்குப் பக்கத்தில் கற்பிட்டித் தீபகற்பம். தெற்கு எல்லையில் மா ஓயா. இடையில் முந்தல், உடப்பு, சிலாபம், மாரவில, வென்னப்புவை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. புத்தளம் நகரிலும் களப்போரத்திலும் முஸ்லிம்கள், உடப்பில் இந்துத் தமிழர், சிலாபத்துக்குத் தெற்கே பெரும்பாலும் சிங்களம் பேசும் கத்தோலிக்கர், கற்பிட்டிப் பக்கம் தமிழும் சிங்களமும் கலந்து பேசும் மீனவர். கத்தோலிக்கக் கோயில்கள் 1939இல் உருவான சிலாபம் மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. தெற்குக் கரையில் இன்று சிங்களத்தில் பூசை காணும் குடும்பங்கள் பலவற்றின் பாட்டனார் தமிழில் செபம் சொன்னவர்கள். 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடமும் கோயிலும் சிங்களத்துக்கு மாறியபோது வீட்டு மொழியும் மாறியது. மெட்டுகள் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. ஒரே மெட்டுக்கு இரண்டு மொழியிலும் சொல் இருப்பது இங்கே அதிசயமில்லை.

இந்த இசையின் அடிப்படை அடுக்கு தடைக்காலத்தில் விழுந்தது. 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையில் தம் கடைசிக் கோட்டையையும் ஒல்லாந்தரிடம் இழந்தனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து மறைந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளார், கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளத்தின் வழியாகத்தான் 1692இல் கண்டிக்குப் போனார். 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வாஸ் அடிகளாரின் பணிக்குத் துணையாக 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்தவர். தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல் எழுதினார். 1742இல் பொலவத்தையில் காலமானார்.

கொன்சால்வெஸ் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்துக்கான நூல். பிரசங்கம் என்று பெயர் இருந்தாலும் அது வாசிப்புக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்பது. ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பார். ஒரே சுரத்தில் பல சொற்களை ஓடவிட்டு, வாக்கியம் முடியும் இடத்தில் குரலை இரண்டு மூன்று சுரம் உயர்த்தி, மெல்ல இழுத்து இறக்குவார். தாளம் கிடையாது, மூச்சுதான் அளவு. இறக்கத்தில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். குரல் நடுங்கும் இடமும் உடையும் இடமும் செத்தவீட்டில் கேட்ட ஒப்பாரிக்குப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். மகனை இழந்த தாயின் துயரத்தை ஊர்ப் பெண்கள் அழும் முறையிலேயே பாடவைத்ததில் கொன்சால்வெஸின் கூர்மை தெரிகிறது. ஐரோப்பிய மெட்டை அவர் இறக்குமதி செய்திருந்தால் குருவே இல்லாத கோயில்களில் அது ஒரு தலைமுறைகூட நிலைத்திருக்காது. வருடக்கணக்கில் குருவைக் காணாத ஊர்களில் அண்ணாவிமாரும் மூப்பர்களும் இந்தப் பாட்டையும் செபத்தையும் வைத்துக்கொண்டே சமயத்தைக் காப்பாற்றினார்கள். ஏடு வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும். மற்றவர்களுக்குக் காது இருந்தால் சரி. பெரிய வெள்ளிக்கு முந்திய வாரங்களில் பாடும் பசாம் பாட்டும் இதே குடும்பம். வாத்தியம் இல்லாமல் பாடும்போதுதான் அதன் முழு அழகும் வெளிப்படும். ஆர்மோனியம் சேர்த்தால் இழுப்புகள் சுரக் கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இதே கரையில், முற்றிலும் வேறு குணம் கொண்ட இன்னோர் இசையும் வளர்ந்தது. புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினரான சிறு சமூகம் ஒன்று வாழ்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கத்தோலிக்கர். இவர்களின் மஞ்சா பாட்டு இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தது. அந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் குறைந்துவிட்ட பிறகும் பாட்டு மட்டும் வாயில் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி, கைப்பறை இவையே வாத்தியம். மெதுவாகத் தொடங்கி, சிறுகச் சிறுக வேகம் ஏறி, கடைசியில் உட்கார்ந்திருப்பவர்களையும் எழுப்பிவிடும்.

மஞ்சாவுக்கும் பைலாவுக்கும் பொதுவான உயிர் ஆறு எண்ணிக்கைத் தாளம். ஆறு சிறு எண்ணிக்கையை மும்மூன்றாகப் பிரித்தால் இரண்டு அடி. இவ்விரண்டாகப் பிரித்தால் மூன்று அடி. அடித்தாளம் இரண்டாக நடக்க, பாட்டின் சொல் இடையிடையே மூன்றாக விழும். உடம்பை இழுப்பது இந்த முரண்தான். கால் ஒன்றைச் சொல்கிறது, தோள் வேறொன்றைச் சொல்கிறது. கும்மியின் திஸ்ர நடை ஏற்கெனவே பழகிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகப் படவில்லை. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொல் கட்டி நாடெங்கும் பரப்பினார். 1960களின் கடைசியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ச் சொல்லை அதில் ஏற்றியபோது ஈழத்துப் பொப்பிசை பிறந்தது. ‘சின்ன மாமியே’யும் ‘சுராங்கனி’யும் இலங்கை வானொலி வழியே தமிழகம் வரை போயின.

ஆனால் பைலா வெகுகாலம் கோயிலுக்குள் நுழையவில்லை. அதற்கு ஊரார் ரசனை காரணமில்லை. உரோமாபுரியின் சட்டம் காரணம். 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஆணை, கோயிலுக்குள் பியானோவையும் பறை, சிங்கி போன்ற ஓசை மிகுந்த வாத்தியங்களையும் விலக்கியது. பாண்ட் குழுவுக்குக் கோயிலுக்கு வெளியே, ஆயரின் அனுமதியோடு, சுற்றுப்பிரகாரத்தில் மட்டும் இடம் கொடுத்தது. பூசை இலத்தீனில். அதனால் கரையோரத் திருவிழா இரண்டு இசைகளாகப் பிரிந்துகொண்டது. உள்ளே இலத்தீன் கீதமும் ஆர்மோனியமும். வெளியே பாண்ட் வாத்தியமும் வெடியும் கூத்தும் பைலாவும். நத்தார்க் காலத்தில் வீடு வீடாகப் போகும் கரோல் குழுவுக்கும் கலியாண வீட்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பாலன் பிறப்பைப் பாடும் பாட்டு ஆறு எண்ணிக்கைத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். வாசலுக்கு வெளியே பயின்ற இசைதான் பின்னால், சட்டம் தளர்ந்தபோது, உள்ளே வந்தது.

சிங்களப் பக்கம் இந்த மாற்றத்துக்கு முன்வேலை செய்தவர்களுள் முக்கியமானவர் இதே மாவட்டத்தில் தங்கொட்டுவையில் 1902இல் பிறந்த மர்சலின் ஜயகொடி அடிகள். கத்தோலிக்கக் குருவாக இருந்துகொண்டே, நெல்வயலும் நிலவும் தென்னந்தோப்பும் வரும் எளிய சிங்களத்தில் கீதங்கள் எழுதினார். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படத்துக்கு அவர் எழுதிய பாட்டுகளுக்கு இசையமைத்தவர் சுனில் சாந்த. அவரும் கத்தோலிக்கர். இந்திய இராக மரபைக் கண்ணை மூடிப் பின்பற்றாமல், கோயில் கீதத்தின் நேரான மெட்டையும் மேற்கத்தியச் சுரக்கூட்டையும் சிங்களச் சொல்லோடு சேர்த்தார். பொப்பிசை கோயிலுக்குப் போனதாகவே பலரும் பேசுவார்கள். இங்கே கோயில் கீதமும் பொப்பிசைக்குப் போய் அதன் எலும்புக்கூட்டைக் கொடுத்திருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மறந்துவிட்டு எது சுத்தம், எது கலப்படம் என்று வழக்காடுவதில் பயனில்லை.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. அதன்படி பூசை மக்களின் மொழிக்கு வந்தது. அந்தந்த நாட்டு இசை மரபுக்கு மதிப்புக் கிடைத்தது. வழிபாட்டுக்குத் தகுந்தவை என்றால் மற்ற வாத்தியங்களும் வரலாம் என்ற அனுமதியும் வந்தது. இலங்கையில் இந்த அனுமதி வந்து சேர்ந்த நேரம் விசேஷமானது. 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கிய கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கித்தாரைச் சிங்களப் பாட்டுக்குக் கொண்டுவந்த காலம் அது. ஊருக்கு ஊர் மூன்று கித்தாரும் ஒரு கொங்கோவும் கொண்ட இளைஞர் குழுக்கள் முளைத்தன. சனி இரவு கலியாண வீட்டில் வாசித்த பையனே ஞாயிறு காலை பூசைக்கும் வாசித்தான். கித்தாரின் மூன்று சுரக்கூட்டுகளைக் கற்றுக்கொண்டவனுக்குப் பாதிப் பாட்டுப் புத்தகம் திறந்துகொண்டது. இராகம் கற்றுத் தேற ஐந்தாறு வருடம் வேண்டும். இதற்கு ஐந்தாறு வாரம் போதும். பாடகர் குழுவின் வயது சட்டென்று குறைந்தது இதனால்தான்.

அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய தமிழ் ஞானப்பாட்டுகள் முகாரி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற உருக்கமான இராகங்களில் அமைந்தவை. சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடினால்தான் அவை உயிர் பெறும். கித்தாரின் சுரக்கூட்டு அவற்றின் கீழே சரியாக உட்காராது. அதனால் புதிய பாட்டுகள் சங்கராபரணத்தின் நேரான சுரங்களுக்கும் நடபைரவியின் சோகத்துக்கும் ஒதுங்கின. ஐம்பது பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால் மகிழ்ச்சிக்கு ஒரு நிறம், துயரத்துக்கு ஒரு நிறம் என்று இரண்டே நிறங்கள் கண்ணில் படும். இது சிறிய இழப்பு இல்லை. வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த கரையில் துயரத்துக்கு எத்தனையோ சாயல்கள் இருந்தன.

புத்தளம் என்ற பெயரைக் கடல் கடந்த கிறிஸ்தவர்கள் கேட்டுப் பழகியதற்குக் காரணம் ஒரு வானொலிக் கோபுரம். 1970களின் இறுதியில் ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற சுவிசேஷ ஒலிபரப்பு நிறுவனம் புத்தளத்திலிருந்து தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. மத்திய அலை, 882 கிலோஹேர்ட்ஸ், 400 கிலோவாட். அந்த அலையின் நீளம் 340 மீற்றர். உப்புநீர் நல்ல மின்கடத்தி. மத்திய அலை தரைமேல் போவதைவிடக் கடல்மேல் போகும்போது மிகக் குறைவாகவே தேயும். மன்னார் வளைகுடாவுக்கு இக்கரையில் நிற்கும் கோபுரத்துக்கு அக்கரையான தூத்துக்குடியும் இராமநாதபுரமும் கன்னியாகுமரியும் கடல் வழியே அடுத்த வீடுகள். இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை இன்னும் தூரம் போகும்.

இந்த வழியில் போன பாட்டுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. மத்திய அலையில் நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்பதால், சுமார் 4,500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசைகள் வானொலிப் பெட்டியை வந்து சேர்வதில்லை. சிங்கியின் மினுமினுப்பு போய்விடும். கித்தார்க் கம்பியின் கூர்மை மழுங்கும். ஆழமான ஓசைகளைச் சின்ன ஒலிபெருக்கி விழுங்கிவிடும். எஞ்சுவது மனிதக் குரலின் நடுப்பகுதியும், ஆர்மோனியமும், வயலினும், டோலக்கின் நடு ஓசையும். அப்படிப்பட்ட வானொலிக்கென்று பதிவு செய்பவர் குரலை முன்னே நிறுத்தியே ஆகவேண்டும். சொல்லைத் தெளிவாக உச்சரிக்கவைத்தே ஆகவேண்டும். வாத்தியத்தை அளவோடு வைத்தே ஆகவேண்டும். அந்தக் கட்டுப்பாடு நல்ல ஆசிரியராக இருந்தது. பழைய வானொலிப் பாட்டுகளை இன்று கேட்கும்போது ஒலி மங்கலாகவும் பாட்டு தெளிவாகவும் இருப்பது அதனால்தான். வாடியில் வலை பொத்திக்கொண்டு கேட்டவனால் இரண்டாம் தடவையிலேயே கூடப் பாடமுடிந்தது. கத்தோலிக்கப் பக்கம், மணிலாவிலிருந்து 1969இல் ஒலிபரப்பைத் தொடங்கிய வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் இதே காதுகளைத் தேடி வந்தது. அது சிற்றலை என்பதால் ஒலி ஏறி இறங்கும். அதையும் பொறுத்துக்கொண்டு கேட்டார்கள்.

1977இல் இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது கசெட் ரேடியோ சாதாரண வீடுகளுக்கு வந்தது. பின்னாலேயே மின்விசைப் பலகைகளும் வந்தன. தமிழகத்துக் கிறிஸ்தவக் கசெட்டுகள் கொழும்பு வழியாக வந்தன. அவற்றுள் எஸ். ஜே. பெர்க்மான்ஸ் வெளியிட்ட ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ தொகுதிகள் கரையோரப் பாட்டை மாற்றிய அளவுக்கு வேறெந்தக் கசெட்டும் மாற்றவில்லை. பெர்க்மான்ஸ் கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் பெந்தெகோஸ்தே வழிக்குச் சென்றவர். சபை மாறியதைப் பற்றிய கருத்து எதுவாயிருந்தாலும், அவர் பாட்டைக் கத்தோலிக்கச் செபக் கூட்டங்கள் விட்டுவைக்கவில்லை. காரணம் அந்தப் பாட்டின் கட்டுமானம். வரிகள் குட்டை, ஒவ்வொரு வரியும் ஒரே மூச்சு. பல்லவி இரண்டு தடவை வந்ததும் மனப்பாடம். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் நடமாடுகிறது. சொல் வீட்டில் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைக்குப் பாடத் தெரிந்தவர் வேண்டும். இதற்கு நம்பத் தெரிந்தவர் போதும். 1967இல் அமெரிக்காவின் டுகேன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் 1970களில் இலங்கைக்கும் வந்து, கைதட்டிப் பாடும் துதிப்பாட்டுக்குக் கத்தோலிக்க வட்டாரத்திலேயே ஓரிடம் உண்டாக்கியிருந்தது. பாத்திரம் தயாராக இருந்தபோது பாட்டும் வந்து சேர்ந்தது.

கீபோட் இந்த இசையில் ஏற்படுத்திய மாற்றத்தைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். கரையோரக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் தாளக்கட்டு உள்ளே பதிந்த வகை. இடது கையால் ஒரு சுரக்கூட்டை அழுத்தினால் டிரம், பேஸ், கித்தார் மூன்றும் தாமாகவே நடக்கும். தொடக்கத்துக்கு ஒரு பொத்தான், நடுவில் உருட்டுக்கு ஒரு பொத்தான், முடிவுக்கு ஒரு பொத்தான். சுருதியை ஏற்றவும் இறக்கவும் இன்னொன்று. நான்கு பேர் செய்த வேலையை ஒருவர் செய்கிறார். கூலி கொடுக்க வழியில்லாத சின்னக் கோயிலுக்கு இது பெரிய உதவி. ஆர்மோனியக்காரர் சபையின் பின்னால் போனவர். வயதானவர்கள் வரியின் முடிவில் இழுத்தால் அவரும் துருத்தியை இழுத்துக் காத்திருப்பார். இந்த இயந்திரத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று வைத்துவிட்டால் வைத்ததுதான். சபை மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடும். இரண்டு தடவை தவறவிட்டவர் மூன்றாம் தடவை வாயை மூடிக்கொள்வார். கெட்டிக்கார வாத்தியக்காரர் இதை அறிவார். பிரசித்தமான துள்ளல் பாட்டில் தாளத்தை ஓடவிடுவார். நற்கருணை வேளையில் தாளத்தை நிறுத்திவிட்டு வெறும் விரலால் வாசித்து, சபையின் மூச்சைக் காதால் பிடித்துப் பின்தொடர்வார். ஒரு கோயிலின் இசை நல்லதா என்று அறிய அந்த ஒரு நேரத்தைக் கவனித்தால் போதும்.

சுருதியும் அப்படியே. ஒலிப்பதிவுக் கூடத்தில் பயிற்சி பெற்ற பாடகர் பாடிய உயரத்திலேயே பாடகர் குழுவும் தொடங்கினால், சரணத்தின் உச்சியில் சபை கைவிட்டுவிடும். ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை இறக்கிப் பாடினால் ஆண்களின் குரல் அடித்தளமாகச் சேரும். காலையில் குரல் கனத்திருக்கும். அதற்கு இன்னும் அரைக் கட்டை. இதெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பாட்டு ஊரில் தங்குவதும் போவதும் பாதி இதில்தான் தீர்மானமாகிறது.

எல்லா அடுக்குகளையும் ஒரே இடத்தில் கேட்க வேண்டுமானால் தலவிலவுக்குப் போகவேண்டும். கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருவிழா. ஆகஸ்ட் திருவிழாவே பெரியது. இலட்சக்கணக்கில் வருவார்கள். பல குடும்பங்கள் நாட்கணக்கில் மரத்தடியிலும் கூடாரத்திலும் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு இருந்துவிட்டுப் போகும். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். சிங்களத்திலும் தமிழிலும் வழிபாடு நடக்கும். ஒலிபெருக்கியில் கீபோட்டோடு ஒரு துதிப்பாட்டு போய்க்கொண்டிருக்கும். அதே வேளை மரநிழலில் பாய் விரித்த பெண்கள் நாலைந்து பேர் செபமாலைக்கு நடுவில் பழைய மாதா பாட்டை வாத்தியம் இல்லாமல் பாடுவார்கள். இரவில் கூடாரப் பக்கம் யாரோ டோலக்கை எடுத்துவிட்டால் ஆறு எண்ணிக்கைத் தாளம் தானாக வந்துவிடும். சொல் மட்டும் அன்னம்மாளைப் பற்றியதாக இருக்கும். சுற்றுப்பிரகாரத்தில் பாண்ட் முன்னே போகும். புதிதாக வந்த எந்தப் பாட்டும் தனக்கு முந்தியதை இங்கே முழுக்க விரட்டிவிடவில்லை.

இங்கே ஒரு சங்கதி கவனத்துக்குரியது. பலமொழிக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் தருணம் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துப் பாடும் பாட்டில் வருகிறது. தலைவர் ஒரு வரி, கூட்டம் ஒரு பதில். பதில் இரண்டு மூன்று சொல்லே. இந்தப் பழக்கம் கரைவலையில் ஊறியது. உடப்புக் கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, கயிற்றைப் பிடித்தவர்கள் பதிலோடு சேர்ந்து இழுப்பார்கள். பதிலின் கனம் இழுப்பின் கணத்தில் விழும். துதிப்பாட்டின் பல்லவி இந்தக் கரையில் இவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டதற்கு, வலைக் கயிற்றைப் போல அது பல கைகளுக்கு இடம் கொடுத்ததே காரணம் எனலாம். மேற்கிலிருந்து வந்த நாகரிகம் என்று அதை ஒதுக்குபவர்கள் இந்த உள்ளூர் வேரைக் கவனிப்பதில்லை.

அண்மைக் காலத்தின் மாற்றம் கைத்தொலைபேசியில் நடந்தது. ஒரு பாட்டு சென்னையில் வெளியான அன்றே கற்பிட்டியில் கேட்கிறது. முன்பு கசெட் வந்து, யாரோ கேட்டு எழுதி, ஊர் வாய்க்கு ஏற்ப மெட்டு நெளிந்து, கோயிலுக்கு வரச் சில மாதங்கள் எடுத்தன. அந்தத் தாமதத்தில் பாட்டு ஊர்ப்பாட்டாக மாறியது. இப்போது அந்த நெளிவுக்கு நேரமில்லை. பாடகரின் சங்கதிகளை அச்சாகப் பாட இளைஞர் முயல்கிறார்கள். வாத்தியப் பதிவை அப்படியே ஓடவிட்டு மேலே பாடும் வழக்கமும் வந்துவிட்டது. 2020இல் கொரோனாவால் கோயில்கள் மூடியிருந்தபோது திரையில் பூசை கண்ட பழக்கம் இதை இன்னும் உறுதிப்படுத்தியது. வீட்டில் இருந்து கேட்டவர்களுக்குப் பாடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

இதில் நன்மையும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளின் சுருதிச் சுத்தம் முந்திய தலைமுறையைவிடச் சிறந்தது. பெண்கள் கித்தாரும் டிரம்மும் வாசிக்கிறார்கள். வென்னப்புவை, மாரவில பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போன குடும்பங்களின் பணத்தில் நல்ல ஒலிக்கருவிகள் வந்திருக்கின்றன. மெட்டு கட்டத் தெரிந்த ஒருவர் படுக்கையறையிலேயே பதிவு செய்துவிடலாம், கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. குறை, அந்த வசதிக்கு ஏற்ற அளவில் இந்தக் கரைக்கென்று சொந்தமான புதுப்பாட்டு இன்னும் வரவில்லை என்பதுதான். சென்னையின் ஒலியும் சிட்னியின் ஹில்சோங் ஒலியும் கலந்த ஒன்று எங்கும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. மஞ்சாவின் ஆறு எண்ணிக்கையும் பசாமின் தாளமற்ற இழுப்பும் அம்பாவின் பதிலும் கையெட்டும் தூரத்தில் கிடக்க, பதிந்துவந்த தாளக்கட்டின் முதல் பக்கத்தைத் தாண்டிப் போக யாருக்கும் மனமில்லாதது வருத்தமானது.

காலத்தோடு ஓடுவதற்குச் சில பாடகர் குழுக்கள் கண்டிருக்கும் நடைமுறை கவனிக்கத்தக்கது. வருகைப் பாட்டுக்கும் காணிக்கைக்கும் புதுப்பாட்டை வைத்துக்கொள்வார்கள். கூட்டம் இன்னும் வந்து சேரும் வேளை, கேட்டுப் பழகும் வேளை அது. நற்கருணைக்கும் மாதா பாட்டுக்கும் எல்லாருக்கும் தெரிந்தது. புதுப்பாட்டை அடுத்தடுத்த ஞாயிறுகளில் விடாமல் பாடி, சபை பல்லவியைப் பிடித்த பிறகே திருவிழாவுக்கு எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் கைவிடுவார்கள். தவக்காலம் வந்ததும் டிரம்மை மூடிவைத்துவிட்டு, வியாகுலப் பிரசங்கம் படிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவரை அழைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இறக்கத்தில் சேர்ந்து பாடச் சொல்லும் குழுக்களும் உண்டு. பாஸ்கு இரவில் டிரம் திரும்பி வரும். அன்றைக்குப் பாடும் பாட்டில் பாதி, போன வருடம் இல்லாதது.